ஏப்ரல்ல லபுத்தா பக்கம் கிராம ஊழியத்துக்குப் போலாமா?

தாம்வே தங்கச்சி:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். யாங்கோன்ல இருந்து எழுதுறேன். வயசு 23, ஹார்டுவேர் கடை ஒண்ணுல கணக்கு எழுதுறேன். எங்க சபை வாலிபர் கூட்டத்துல வர்ற திஞ்சான் (பர்மாப் புத்தாண்டு) லீவுக்கு ஐராவதி டெல்டா பக்கம், லபுத்தாவுக்குக் கீழ இருக்கிற கரென் இனத்துக் கிராமங்களுக்கு ஊழியத்துக்குப் போறதா முடிவு பண்ணியிருக்காங்க. மொத்தம் 18 பேர், அஞ்சு நாள், மூணு கிராமம். பகல்ல பிள்ளைகளுக்கு வி.பி.எஸ் (விடுமுறை வேதப் பள்ளி), ராத்திரி நற்செய்திக் கூட்டம், ஒரு நாள் மட்டும் மருத்துவ முகாம். எங்க போதகர் ஐயா தமிழ்லதான் பிரசங்கம் பண்ணுவார். அதைப் பர்மா மொழிக்கு மாத்திச் சொல்ற வேலை எனக்கு.

சின்ன வயசுல இருந்தே இப்படி ஒரு ஊழியத்துக்குப் போகணும்னு பாரம் இருக்கு. அம்மாவுக்குத்தான் பயம். "நர்கிஸ் புயல் அடிச்ச ஊரு, படகுல வேற போகணுமாம்"னு தினமும் புலம்புறாங்க. அவங்களை எப்படியாவது சமாதானம் பண்ணிருவேன்.

என் மனசுல உறுத்துறது வேற. கடையில என்கூட ஒரு கரென் பொண்ணு வேலை பாக்குறா, அந்தப் பக்கத்து ஊர்க்காரிதான். இப்படிப் போறோம்னு சொன்னேன், சந்தோஷப்படுவான்னு நெனச்சேன். அவ கோபப்படல. "உங்களைக் கூப்பிட்டது யாரு?"ன்னு மட்டும் கேட்டா. எனக்குப் பதில் தெரியல. வாலிபர் தலைவர்கிட்ட கேட்டேன். "கர்த்தர் கூப்பிட்டார்"னாரு. நானும் அதை விசுவாசிக்கிறேன். ஆனா அவ கேட்டது அது இல்லைன்னு தோணிக்கிட்டே இருக்கு.

போய் வந்தவங்க யாராவது இருந்தா சொல்லுங்க. என்ன எடுத்துட்டுப் போகணும்? நாங்க போறது அவங்களுக்கு நிஜமாவே பிரயோஜனப்படுமா?

பசுண்டாங் அண்ணன்:

தங்கச்சி, முதல்ல வழி விஷயம் சொல்லிடுறேன். ஹ்லைங்தாயா பஸ் ஸ்டாண்டுலதான் டெல்டா பஸ் எல்லாம் கிளம்புது. லபுத்தா போய்ச் சேர்ந்ததும் அங்கிருந்து படகு. இருட்டுறதுக்குள்ள கிராமத்துக்குப் போய்ச் சேர்ற மாதிரி கணக்குப் பண்ணிக்கோங்க. ராத்திரியில ரோட்டுலயும் இருக்கக் கூடாது, ஆத்துலயும் இருக்கக் கூடாது.

மாபொந்தின் கார்டு (அடையாள அட்டை) அசலும் நாலஞ்சு நகலும் கையில இருக்கணும். வெளியாள் ராத்திரி தங்கினா வார்டு ஆபீஸ்ல சொல்லிப் பதியணும்கிற சட்டத்தை 2016-ல எடுத்தாங்க, 2021 பிப்ரவரில திரும்பக் கொண்டுவந்துட்டாங்க. 18 பேர் போய் இறங்கினா 18 பேரையும் பதியணும். அதுக்கு அலையப்போறது நீங்க இல்ல, உங்களைத் தங்க வைக்கிற அந்த ஊர்க்காரங்கதான். ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா விசாரணைக்குப் போய் நிக்கிறதும் அவங்கதான். கட்டாய ராணுவச் சேர்ப்புச் சட்டம் 2024 பிப்ரவரில அமலுக்கு வந்ததுல இருந்து 18-க்கும் 35-க்கும் நடுவுல இருக்கிற பசங்க கூட்டமா வெளியூர் போறதை எந்தப் பெத்தவங்களும் லேசா எடுத்துக்கிறதில்ல. அதையும் உங்க கூட்டத்துல மனசுவிட்டுப் பேசுங்க.

பிரயோஜனப்படுமான்னு கேட்டதுக்கு என்னால பதில் சொல்ல முடியாது. நான் போனது ஒரே தடவை, அதுவும் நர்கிஸ் முடிஞ்சப்போ அரிசி மூட்டை இறக்கத்தான்.

நர்ஸ் அக்கா, இன்செயின்:

தங்கச்சி, உன் கேள்வியை நேத்து ராத்திரி படிச்சதுல இருந்து தூக்கமே வரல. 34 வருஷம் நர்ஸா இருந்து ரிட்டயர் ஆனவ நான். லபுத்தா, மியாங்மியா பக்கம் சபைக் கூட்டத்தோட எட்டுத் தடவை போயிருக்கேன். முதல் மூணு தடவை நாங்க செஞ்சதை நெனச்சா இன்னைக்கும் மனசு வலிக்குது. மத்தவங்க மேல பழி போடுறதுக்காகச் சொல்லல. நானும் அதுல ஒருத்தி.

2016 ஏப்ரல். எல் நினோ வருஷம், வெயில் அப்படி ஒரு வெயில். நாங்க 22 பேர், மூணு ராத்திரி. போய் இறங்கினப்போ தராமு வீட்டு வாசல்ல ஆறு பெரிய மண்ஜாடி நிறையத் தண்ணி வச்சிருந்தாங்க. (தரான்னா கரென் போதகர், தராமுன்னா அவர் மனைவி, இல்ல பெண் ஊழியர். உனக்குத் தெரிஞ்சிருக்கும்.) நாங்க படகுல வந்த புழுக்கம் தீரக் குளிச்சோம். காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. பொம்பளைப் பிள்ளைங்க தலைக்கு ஊத்திக்கிட்டாங்க, துணியும் அலசினோம். விடிஞ்சு பாத்தா ஜாடி திரும்ப நிறைஞ்சிருக்கும். அது எப்படி நிறையுதுன்னு ஒருத்தர்கூடக் கேக்கல.

மூணாவது நாள் விடியக்காலம் நாலரைக்கு முழிப்பு வந்துச்சு. தராமுவோட மகள், பதினஞ்சு வயசு இருக்கும், தோள்ல மூங்கில் தடி வச்சு ரெண்டு பக்கமும் எண்ணெய் டின் கட்டிக்கிட்டு இறங்கிப் போறா. நானும் பின்னாடியே போனேன். காய்ஞ்ச வயல், வரப்பு மேல முக்கால் மணி நேர நடை. அடுத்த கிராமத்துக் குளம் அது. இவங்க ஊர்க் குளத்தை மழை வர்ற வரைக்கும் குடிக்க மட்டும்னு பூட்டி வச்சுட்டாங்க. நாங்க போன அந்த அடுத்த ஊர்க் குளத்துல இறங்குறதுக்குப் பலகைப் படி போட்டிருக்கு. அந்தப் படியில ஒன்பது வெளியில தெரிஞ்சுது, கடைசிப் படிக்கும் கீழதான் தண்ணி. அவ குத்துக்கால் போட்டு உக்காந்து தேங்காய்ச் சிரட்டையால ஓரத்துல மெல்ல மோந்தா. வேகமா மோந்தா சேறு கலங்கிரும். டின் வாயில தாவணித் துணி மாதிரி ஒண்ணை விரிச்சு அதுல ஊத்தி வடிகட்டினா. ஒரு டின் நிறைய அரை மணி நேரம் ஆச்சு. எனக்கும் ஒரு சிரட்டை கொடுத்தா. "நீங்கல்லாம் எங்க குளிக்கிறீங்க?"ன்னு கேட்டேன். "ஆத்துல"ன்னா. ஏப்ரல்ல அந்த ஆறு உப்பு. எங்களுக்காக அவங்க வீட்டுல மூணு நாளா உப்புத் தண்ணில குளிச்சிருக்காங்க. தராமு ஒரு வார்த்தை சொல்லல. விருந்தாளிகிட்ட எப்படிச் சொல்லுவாங்க?

டெல்டாவுல கடலோரக் கிராமங்கள்ல நல்ல தண்ணின்னா மழைத் தண்ணிதான். மே பாதியில இருந்து அக்டோபர் வரைக்கும் பெய்யுறதைக் குளத்துலயும் ஜாடியிலயும் பிடிச்சு வச்சுத்தான் அடுத்த மழை வரைக்கும் ஓட்டுறாங்க. நர்கிஸ்ல கடல் உள்ள ஏறி அந்தக் குளமெல்லாம் உப்பாகி, இறைச்சு இறைச்சு மறுபடி நல்ல தண்ணி பிடிச்சிருக்காங்க. நம்ம சபைகள் எல்லாம் லீவு கிடைக்குதுன்னு ஏப்ரல்லயே போறோம். குளம் அடிமட்டத்துல இருக்கிற மாசம் அதுதான்.

அடுத்தது மருத்துவ முகாம். இதை நான் நல்லா அனுபவப்பட்டுச் சொல்றேன். அதுக்கு முந்தின வருஷம் ஒரு பெரியவர் வந்தார், அறுபத்தஞ்சு வயசு இருக்கும். பிரஷர் 190-க்கு 110. அம்லோடிபின் 5 மில்லிகிராம் ரெண்டு அட்டை கொடுத்தேன், 20 மாத்திரை. தினமும் ஒண்ணு போடுங்கன்னு சொல்லி, கைபிடிச்சு ஜெபமும் பண்ணினேன். அவர் அழுதார், நானும் அழுதேன். 20 நாளுக்கு அப்புறம் என்ன பண்ணுவார்னு நான் யோசிக்கல. பிரஷர் மாத்திரை தினமும், வருஷக்கணக்கா போடுறது. அதை 34 வருஷம் ஆஸ்பத்திரியில ஆயிரம் பேருக்குச் சொன்னவ நானே. அடுத்த ஏப்ரல்ல, அந்த 2016-லதான், பேரன் தோளைப் பிடிச்சுக்கிட்டு வந்தார். இடது கை தூக்க வரல, வாய் ஒரு பக்கம் கோணியிருந்துச்சு. வெத்தலைப் பெட்டியைத் திறந்து காலி அட்டை ரெண்டையும் எடுத்து என் முன்னாடி வச்சார். நசுங்காம, மடங்காம வச்சிருந்தார். "சயாமா, மருந்து முடிஞ்சுபோச்சு, நீங்க வருவீங்கன்னு வச்சிருந்தேன்"னார். 11 மாசம் காத்திருந்திருக்கார். வாதம் எதனால வந்துச்சுன்னு நான் தீர்ப்புச் சொல்ல முடியாது. அந்த ரெண்டு அட்டை இப்ப என் பைபிளுக்குள்ள இருக்கு.

அதுக்கப்புறம்தான் மாத்திக்கிட்டோம். கிராமத்துல தொண்டு மருத்துவச்சின்னு பயிற்சி எடுத்த பொம்பளை ஒருத்தி இருப்பா. அவகிட்ட பிரஷர் மெஷினும் பேட்டரியும் ஒரு நோட்டும் கொடுத்தோம். யார் யாருக்கு மாத்திரை வேணும்கிறதை லபுத்தாவுல டாக்டர்கிட்ட காட்டி எழுதி வாங்கினோம். அப்படி ஒன்பது பேர், அவங்களுக்கு ஒரு வருஷ மாத்திரை. அவ மாசாமாசம் பாத்து எழுதி, நோட்டைப் படம் எடுத்து எனக்கு அனுப்புறா. ஒன்பது பேர்தான், கூட்டம் இல்ல, ஃபோட்டோ இல்ல.

இன்னொண்ணு சொல்லணும், இது உன் போதகர் ஐயா காதுலயும் விழட்டும். ஒரு தடவை வெளிநாட்டுல இருந்து வந்த ஊழியர் ஒருத்தர் தமிழ்ல பேசினார். நான் பர்மாவுல சொன்னேன், தராமு கரென்ல சொன்னாங்க. 20 நிமிஷப் பேச்சு ஒரு மணி நேரத்துக்கு மேல போச்சு. கடைசியில "இயேசுவை ஏத்துக்கிறவங்க கை தூக்குங்க"ன்னார். கோயில் முழுக்கக் கை தூக்கிட்டாங்க. முன் வரிசையில எண்பது வயசுப் பாட்டி ஒருத்தங்க, அட்டை பிஞ்ச பாட்டுப் புத்தகத்தை ஒரு கையில பிடிச்சுக்கிட்டு மறு கையைத் தூக்கினாங்க. அவர் தலையை எண்ணி எழுதிக்கிட்டார். அந்தப் பாட்டியோட விசுவாசம் எத்தனை தலைமுறைக்கு முன்னாடி தொடங்கினதுன்னு யோசிச்சுப் பார் தங்கச்சி! கோ தா பியூ தாவோயில ஞானஸ்நானம் எடுத்தது 1828 மே 16. கரென் ஜனத்துல அவர்தான் முதல் ஆள். பசீன் (இப்ப பத்தெய்ன்) பக்கம் நடந்தே ஊர் ஊராப் போய்ச் சொன்னவர் அவர். 50-ஆம் வருஷம், 1878-ல, பசீன் கரென் சபைகள் அவர் பேர்ல மண்டபம் கட்டி முடிச்சாங்க. அமெரிக்க மிஷனரி ஜட்சன் பர்மா மொழி பைபிளை முடிச்சது 1834-ல. நம்ம தமிழ்ச் சபைகள்ல பல சபைகள் இந்த ஊர்ல தொடங்குறதுக்கு முன்னாடியே அந்தக் கிராமங்கள்ல மூணு தலைமுறை விசுவாசிகள் இருந்தாங்க. அவங்க ஜெபத்தைக் கேட்டு நான் கத்துக்கிட்டதுதான் நெறைய.

பக்கத்துல பௌத்தக் கிராமமும் இருக்கும். அங்க போய்க் கைப்பிரதி கொடுக்கணும்னு உங்க கூட்டத்துல யாராவது சொன்னா தயவுசெஞ்சு நிறுத்து. மதம் மாறுறவங்க டவுன்ஷிப் குழுகிட்ட விண்ணப்பிக்கணும்னு 2015-ல சட்டமே வந்திருக்கு. நீங்க அஞ்சாம் நாள் பஸ் ஏறிருவீங்க. ஒரே சந்தையில நெல்லு விக்கிறவங்க, ஒரே குளத்துல தண்ணி எடுக்கிறவங்க அங்கதான் இருப்பாங்க. வர்ற கேள்விக்கெல்லாம் தரா பதில் சொல்லணும்.

போகாதேன்னு நான் சொல்லல, மா. உன் பாரம் மெய்யானது. அந்தக் கரென் பொண்ணு கேட்டதுதான் சரியான கேள்வி. அவகிட்டயே போய், "உங்க தராமு நம்பர் கிடைக்குமா?"ன்னு கேளு. அவங்க கூப்பிட்டா போ. கூப்பிடுற மாசத்துல போ, கேக்குறதை மட்டும் செய். ஒரே கிராமம் போதும், ஆனா வருஷாவருஷம் அதே கிராமத்துக்குப் போ.

தாம்வே தங்கச்சி:

அக்கா, ஆபீஸ்ல உக்காந்து படிச்சு அழுதுட்டேன். அந்தக் காலி அட்டை கண்ணு முன்னாடியே நிக்குது.

நம்பர் கேட்டேன். அவ சித்திதான் அங்க தராமு! ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சதும் பேசுறேன். ஆனா ஒரு பயம். "வராதீங்க"ன்னு சொல்லிட்டாங்கன்னா வாலிபர் கூட்டத்துல எப்படிப் போய்ச் சொல்லுவேன்? பழைய துணி வேற ஏழு மூட்டை சேர்த்து வச்சுட்டோம்.

பசீன் பேரன்:

நான் அந்தப் பக்கத்து ஊர்ல வளர்ந்தவன். அப்பா தமிழ், அம்மா ஸ்கா கரென் (கரென்ல ஒரு பிரிவு). அதனால வாங்குற பக்கத்துல இருந்து ரெண்டு வார்த்தை.

சின்ன வயசுல வருஷம் ஒரு கூட்டம் வரும். எங்களுக்கு அவங்களை ரொம்பப் பிடிக்கும், பொய் சொல்லல. பலூன், மிட்டாய், கை தட்டிப் பாடுற பாட்டு எல்லாம் இருக்கும். ஆனா ஒவ்வொரு கூட்டமும் அதே நோவா பேழைப் படத்தைத்தான் வர்ணம் தீட்டக் கொடுக்கும். ஏழு வருஷம் தீட்டியிருக்கேன். ஒரு அக்கா மட்டும் ரெண்டாவது வருஷமும் வந்தாங்க, என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாங்க. மத்த யார் முகமும் எனக்கு ஞாபகம் இல்ல, அவங்க முகம் இருக்கு.

துணி விஷயம். எங்க அம்மா, அத்தை எல்லாம் தமெய்ன்தான் (பொம்பளைங்க இடுப்புல சுத்திக் கட்டுற துணி) கட்டுவாங்க. மூட்டையில வர்ற ஜீன்ஸையும் கவுனையும் வெட்டிக் கால்மிதி தைப்பாங்க. ஜூன்ல பள்ளிக்கூடம் திறக்கும், அதுக்கு நோட்டு வாங்கிக் கொடுத்தா வீட்டுக்கு வீடு நிம்மதி.

எங்க ஊர்ல பாட்டுன்னா நாலு குரல். சொல்ஃபா (டோ, ரே, மீ) எழுத்தைப் பாத்து ஆறு வயசுப் பிள்ளையும் தன் குரலைப் பிடிச்சுக்கும். எங்க எழுத்து பர்மா எழுத்து மாதிரியே இருக்கும், அமெரிக்க மிஷனரி வேட் துரை அதை வச்சுத்தான் அமைச்சார். ஆனா வாசிச்சா வேற சத்தம் வரும். அதனால பர்மா படிக்கத் தெரியும்கிற தைரியத்துல எங்க பாட்டுப் புத்தகத்தைச் சத்தமா வாசிச்சுறாதீங்க. பக்கத்துல உக்காந்து எங்க பிள்ளைங்ககிட்ட கேளுங்க. சொல்லிக் கொடுக்க அவங்களுக்கு அவ்வளவு ஆசை. யாரும் அவங்ககிட்ட எதையும் கத்துக்க வந்ததில்ல.

நர்ஸ் அக்கா, இன்செயின்:

பேரன் சொன்னதைப் பிடிச்சுக்கோ தங்கச்சி. "வராதீங்க"ன்னு அவங்க சொல்ல மாட்டாங்க, அதுதான் சிக்கலே. அவங்க வழக்கத்துல வீட்டுக்கு வர்றவங்களை வேண்டாம்னு சொல்றது பெரிய பாவம் மாதிரி. அதனால "வரலாமா?"ன்னு கேக்காதே. "எந்த மாசம் உங்களுக்குச் சௌகரியம், எத்தனை பேருக்குத் தண்ணி இருக்கும், குளத்துல இப்ப எத்தனை படி தெரியுது?"ன்னு கேளு. எண்ணிக்கையைக் கேட்டா உண்மையைச் சொல்லுவாங்க.

என் அனுபவத்துல ஜனவரி நல்ல மாசம். அறுப்பு முடிஞ்சிருக்கும், குளத்துல தண்ணி இருக்கும், கரென் புது வருஷச் சந்தோஷமும் இருக்கும். அறுப்பு நடக்குறப்போ போகாதீங்க. எல்லாரும் வயல்ல இருப்பாங்க, கண்ணாடி விரியன் கடிக்கிறதும் அப்பதான் அதிகம். எந்த மாசம் போனாலும் முழங்கால் வரைக்கும் வர்ற பூட்ஸும் டார்ச்சும் எடுத்துக்கோங்க.

தாம்வே தங்கச்சி:

ரெண்டு வாரம் கழிச்சு எழுதுறேன், மன்னிச்சுக்கோங்க.

தராமுகிட்ட மூணு தடவை பேசிட்டேன். முதல் தடவை நான் என்ன கேட்டாலும் "வாங்க வாங்க, ஆண்டவர் பாத்துப்பார்"னே சொன்னாங்க. அக்கா சொன்ன மாதிரி படியைக் கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம் "ஏழு"ன்னாங்க. மொத்தம் எத்தனைன்னு கேட்டேன். "பதினொண்ணு"ன்னாங்க. இப்ப மார்ச் கடைசிதான்.

அதை அப்படியே வாலிபர் கூட்டத்துல சொன்னேன். அக்கா எழுதினதையும் வாசிச்சுக் காட்டினேன். தலைவருக்கு முதல்ல முகம் சுருங்கிருச்சு, டீ-ஷர்ட் எல்லாம் அடிக்கக் கொடுத்தாச்சு. போதகர் ஐயா மட்டும் ரொம்ப நேரம் குனிஞ்சே உக்காந்திருந்தார். அப்புறம், "நான் பேசுறதுக்கு அவங்க உப்புத் தண்ணில குளிக்கணுமா?"ன்னார். அதோட முடிஞ்சுது.

ஏப்ரல்ல போகல. ஜனவரியில அஞ்சு பேர், ஒரே கிராமம், நாலு ராத்திரி. மாத்திரை நோட்டு விஷயத்துல அக்கா எங்களுக்கு வழிகாட்டணும், கேட்டுக்கிறேன். தராமுகிட்ட நாங்க என்ன செய்யணும்னு கேட்டதுக்கு, "உங்க தமிழ்ப் பாட்டு ரெண்டை சொல்ஃபாவுல எழுதி முன்னாடியே அனுப்புங்க, பிள்ளைங்க பழகி வைப்பாங்க"ன்னாங்க. துணி மூட்டையை இங்கயே வேண்டியவங்களுக்குக் கொடுத்துட்டோம்.

18 பேர் பஸ்ஸுக்கும் படகுக்கும் சேர்த்து வச்ச காசு அப்படியே இருக்கு. லபுத்தாவுல இருந்து குடிதண்ணி ஏத்திட்டுப் போற படகு வாடகைக்குக் கிடைக்குமாம். அந்தக் கரென் பொண்ணோட மாமா பேசி முடிச்சுக் கொடுத்தார். தராமு எங்க சபைப் பேரைக் கேட்டாங்க, ஊர்ல அறிவிக்கிறதுக்கு. பேர் வேண்டாம், பக்கத்து பௌத்தக் கிராமத்துக்கும் பாதி இறக்கிருங்கன்னு சொல்லிட்டோம். அவங்க குளத்துலதான் அந்த வருஷம் நம்ம அக்கா கூட்டத்துக்குத் தண்ணி எடுத்திருப்பாங்களோன்னு எனக்கு ஒரு எண்ணம்.

படகு வியாழக்கிழமை கிளம்புது.